எதிரொலி அடங்கும் வரை

அறிவிப்பக்காவைப் பற்றிச் சொல்ல உனக்கு என்ன உரிமை என்று யாராவது கேட்டால், பதினோரு வருடம் அவள் குரலுக்கு மின்சாரம் கொடுத்தவன் நான் என்பேன். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி ஆபரேட்டர். மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அவள் பேசுவாள். அந்தக் குரல் பதினான்கு ஒலிபெருக்கிக் குழாய்கள் வழியாக நிலையம் முழுக்கப் போய்ச் சேர்வது என் பொறுப்பு. அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது யாரென்று தெரியாது. அவளைவிட இருபது வயது மூத்த நடத்துநர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் மாதம் முறைத்துப் பார்த்தாள். பிறகு வருகைப் பதிவேட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுவே அவள் பெயராகிப்போனது.

ஆள் சின்னவள். நாற்காலியில் தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் மைக் வாய்க்கு நேராக வரும். ஆனால் ஜன்னல் வழியே கீழே பார்க்காமல் அந்த வாயைத் திறக்க மாட்டாள். வண்டி வந்துவிட்டது என்று நேரக் காப்பாளர் சீட்டு எழுதி அனுப்புவார். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்று, எட்டிப் பார்த்து, வண்டியின் நம்பரைக் கண்ணால் கண்ட பிறகுதான் மைக்கைப் போடுவாள். நேரக் காப்பாளருக்கு இதில் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"சீட்டுல எழுதியிருக்குல்ல? என் கையெழுத்து மேல நம்பிக்கை இல்லையா?" என்று ஒருமுறை படியேறி வந்தே கேட்டார்.

"கையெழுத்து மேல இருக்கு சார். வண்டி மேலதான் இல்ல," என்றாள்.

பதினோரு வருடத்தில் வராத வண்டியை வந்தது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் ஊருக்கு அவள் குரல் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. வானொலியில் மணி சொன்னால்கூடக் கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறவர்கள், அவள் சொன்னால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மறைத்து வைத்ததுபோல் ஆகும். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவள் பேசியது ஒருவருக்கும் புரியவில்லை. குரலில் குறை இல்லை. நிலையத்தின் கூரை தகரம், பின்சுவர் நாலு ஆள் உயரம். குழாயிலிருந்து போகிற சொல் சுவரில் மோதித் திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஊர்ப் பெயரும் நடைமேடை எண்ணும் கலந்து கூழாகிவிடும். நான்தான் வழி சொன்னேன்.

"ஊர்ப் பேரச் சொல்லு. சொல்லிட்டு நிறுத்து. மனசுக்குள்ள மூணு எண்ணு. எதிரொலி அடங்கட்டும். அப்புறமா நடைமேடையச் சொல்லு."

கற்பூரம் மாதிரிப் பிடித்துக்கொண்டாள். ஒரு மாதத்தில் அந்த இடைவெளி அவள் பேச்சோடு ஒட்டிக்கொண்டது. மைக் இல்லாதபோதும் வந்துவிடும். "டீ இருக்கு," என்பாள். நாங்கள் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்திருப்போம். "பால் இல்ல," என்பாள். இதைச் சொல்லிச் சொல்லி அவளைக் கிண்டல் செய்யாத ஆளே பணிமனையில் கிடையாது.

கீழே ஜனங்களும் பழகிக்கொண்டார்கள், அவர்கள் வழியில். ஊர்ப் பெயர் காதில் விழுந்ததும் ஓட ஆரம்பிப்பார்கள். எந்த நடைமேடை என்று கேட்க ஒருவரும் நிற்க மாட்டார்கள். மூன்றாவது நடைமேடைக்கு ஓடி, அங்கே வண்டி இல்லாமல், ஏழாவதுக்குத் திரும்பி ஓடுவார்கள். மாடியிலிருந்து அதைப் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

தொற்று வந்தபோது முதலில் நின்றது பேருந்துதான். வண்டி இல்லாத நிலையத்துக்கு அறிவிப்பு எதற்கு? நகராட்சி சுகாதார அலுவலகத்தில் ஆள் பற்றவில்லை என்று எங்கள் இருவரையும் அங்கே அனுப்பினார்கள். பழைய கோப்புகள் கூரைவரை அடுக்கிய ஓர் அறை. இரண்டு மேசை, மூன்று போன், ஒரு மின்விசிறி. விசிறியைப் போட்டால் பதிவில் சத்தம் விழும், நிறுத்தினால் நாங்கள் வேர்வையில் குளிப்போம்.

சுகாதார அலுவலராக இருந்த டாக்டரம்மா நேரடியாகப் பேசுகிறவர். "நோய் ஒரு பக்கம் கொல்லுது, போன்ல வர்றது இன்னொரு பக்கம் கொல்லுது. முதலாவத நான் பாத்துக்கறேன், ரெண்டாவத நீங்க பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊரில் சுற்றுகிற செய்திகளை ஜனங்கள் எங்கள் எண்ணுக்கு அனுப்புவார்கள். உண்மையா பொய்யா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலைக்காகவே பிறந்தவள் மாதிரி உட்கார்ந்தாள் அறிவிப்பக்கா. நாக்குக்கு அடியில் செப்புக் காசு வைத்துக்கொண்டால் காய்ச்சல் இறங்கும் என்று ஒன்று. ஜன்னலுக்கு நீலத் துணி கட்டினால் கிருமிக்கு வழி தெரியாமல் போய்விடும் என்று ஒன்று. கிருமிக்கு என்ன, முகவரிச் சீட்டா கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்? ஆனால் அவள் சிரிக்க மாட்டாள். அனுப்பியவருக்குப் போன் போடுவாள். "உங்களுக்கு யாருங்க அனுப்பினது?" அவர் ஒரு எண் கொடுப்பார். அந்த எண்ணுக்குப் போடுவாள். அங்கிருந்து இன்னொன்று. நூலைப் பிடித்துக்கொண்டே போய் நுனியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் போனை வைப்பாள். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் படத்தோடு ஊரெல்லாம் சுற்றிய ஒரு செய்தியை மூன்று நாள் துரத்தினாள். கடைசியில் பார்த்தால் அந்தப் பேராசிரியர் ஒரு மூக்குக்கண்ணாடி விளம்பரத்தில் நிற்கிற ஆள்.

எழுதிப் போட்டால் யாரும் படிப்பதில்லை என்றதும் டாக்டரம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. "இவங்க குரல ஊரே நம்புது. குரல்லயே சொல்லட்டும். பரவுற செய்திய அப்படியே படிச்சிட்டு, அப்புறம் அது பொய்னு சொல்லுங்க. அப்பதான் எதச் சொல்றோம்னு ஜனங்களுக்குத் தெரியும்."

போனில் ஒரு பொத்தான், நான் அழுத்துவேன், அவள் பேசுவாள். பேருந்து நிலையத்தில் பேசுகிற அதே ராகம். "பொதுமக்கள் கவனத்திற்கு" என்று தொடங்கி, செய்தியைத் திருத்தமாகப் படித்து, நிறுத்தி, மனசுக்குள் மூன்று எண்ணி, பிறகு மறுப்பைச் சொல்வாள். அந்த அறையில் எதிரொலி ஏது? கோப்புகள் எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிடும். இடைவெளி வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தோன்றவே இல்லை. கேட்டபோது எனக்கு அது பிழையாகப் படவில்லை, நன்றாக இருந்தது. நான் சொல்லிக்கொடுத்தது ஆயிற்றே.

முப்பத்து நான்காவது பதிவு மூச்சைப் பற்றியது. பன்னிரண்டாம் தேதி மாலை எடுத்தோம். மொத்தம் ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடி. முதல் முப்பத்தொரு நொடியில் அவள் படித்தது இது: தினமும் காலையில் மூச்சை உள்ளே இழுத்து இருபது எண்ணும்வரை அடக்கிப் பாருங்கள். இருமலோ தடுமாற்றமோ இல்லாமல் முடிந்தால் உங்கள் நுரையீரலில் கிருமி இல்லை. காய்ச்சல் இருந்தாலும் பயப்பட வேண்டாம், மருத்துவமனைக்குப் போக வேண்டாம். இவ்வளவும் படித்து நிறுத்தினாள். பிறகு, மேற்சொன்னது முழுப் பொய், மூச்சை அடக்கிப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது, காய்ச்சலோடு மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததைச் சொன்னாள். ஊரில் உள்ள எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினோம். வழக்கம்போலத் தன் வீட்டுக் குழுவுக்கும் அவள் ஒன்று அனுப்பினாள்.

பதினான்காம் தேதி காலை மருந்துக் கடை வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்றவர் போனில் அவள் குரல் கேட்டது. அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான், என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். மருத்துவமனைக்குப் போக வேண்டாம் என்றது குரல். அதோடு நின்றது. அந்த ஆள் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூச்சை இழுத்து அடக்கினார்.

யாரோ வெட்டியிருந்தார்கள். முதல் முப்பத்தொரு நொடி மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வெட்டு துளிகூடத் தெரியவில்லை. சொல்லின் வால் அறுபடவில்லை, மூச்சுச் சத்தம் ஒட்டவில்லை. இத்தனை வருடம் ஒலியோடு புழங்கியவன், எனக்குக் கேட்ட உடனே புரிந்துவிட்டது. வெட்டியவனுக்கு வேலையே இருந்திருக்காது, எங்கே வெட்டுவது என்று நான் முன்பே கோடு போட்டுக் கொடுத்திருந்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

டாக்டரம்மா அன்றே அறிக்கை விட்டார். விஷமிகள் குரலை வெட்டிப் பரப்புகிறார்கள், நம்பாதீர்கள் என்று. இனி முதல் வார்த்தையே 'இது பொய்' என்று இருக்க வேண்டும் என்றார். அறிவிப்பக்கா புதிதாகப் பேசி ஊர்க் குழுக்களுக்கு அனுப்பினாள்; வீட்டுக் குழுவுக்கு முழுப் பதிவே போயிருக்கிறது என்று விட்டுவிட்டாள். ஊரில் இப்போது அவள் குரல் இரண்டு விதமாகச் சுற்றியது. ஒரு பெரியவர் போன் போட்டு, "எந்த அக்கா சொல்றத நம்புறது?" என்று அவளையே கேட்டார்.

அவளுக்கு ஓர் அண்ணன். ஊரின் மறுகோடியில் டயர்க்கடை வைத்திருந்தார், பஞ்சர் ஒட்டுகிற கடை. அப்பா இல்லாத வீட்டில் தங்கையைப் படிக்கவைத்தவர். அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அவள் அறிவிக்கிற நேரமாகப் பார்த்து, வேலை இல்லாவிட்டாலும் நிலையத்துக்கு வந்து, ஒரு குழாய்க்குக் கீழே நின்று கேட்டுவிட்டுப் போவார். அவர் தெருவில் நோய் அதிகம் என்று இருபுறமும் தட்டி கட்டி அடைத்திருந்தார்கள். போனில்தான் பேச முடியும். பதினைந்தாம் தேதி பேசினாள். லேசான காய்ச்சல் என்றார்.

"மூச்சு வாங்குதாண்ணே?"

"என் மூச்சு உன் மூச்சவிடக் கெட்டிம்மா. நீ உன் வேலையப் பாரு."

அன்று எங்களுக்கு நாற்பது செய்திகள் வந்திருந்தன. அவள் வேலையைப் பார்த்தாள்.

பத்தொன்பதாம் தேதி அவரை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இருபத்தொன்றாம் தேதி போய்விட்டார். முகத்தைப் பார்க்க யாரையும் விடவில்லை. இரண்டு நாள் கழித்து அண்ணி போனில் பேசியபோது அறிவிப்பக்கா அலுவலகத்தில் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி பேசியது எனக்கும் கேட்டது.

"பதிமூணாந்தேதி காலையிலேர்ந்து தினமும் மூச்சடக்கிப் பாத்தாரும்மா. இருபது என்ன, முப்பது வரைக்கும் நின்னாரு. காத்து நிக்குதுல்ல, ட்யூப்ல ஓட்டை இல்லன்னு சிரிச்சாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நான் சொன்னப்பகூட, என் தங்கச்சியே சொல்லிட்டா, நீ சும்மா இருன்னாரு."

அப்படிச் சொல்லக்கூடியவர்தான். ட்யூபில் காற்றடித்துத் தண்ணீரில் முக்கி, குமிழி வராவிட்டால் நல்ல ட்யூப் என்று வாழ்நாளெல்லாம் பார்த்தவர். அவருக்கு அந்தப் பொய், பொய்யாகவே தெரிந்திருக்காது. தன் தொழிலில் கண்ட நிஜமாகத் தெரிந்திருக்கும்.

அறிவிப்பக்கா அழவில்லை. போனை வைத்தாள். மேசை நாட்காட்டியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"வெட்டினது பதினாலாந்தேதிதான கேட்டோம்?" என்றாள்.

"ஆமா."

"அண்ணன் பதிமூணாந்தேதியே பண்ணியிருக்காரு."

அன்று தொடங்கியது. ஊருக்கெல்லாம் உண்மை பார்த்துச் சொன்னவளுக்கு, தன் அண்ணன் எதைக் கேட்டார் என்கிற உண்மை மட்டும் கிடைக்கவில்லை. அவர் கேட்டது வெட்டியதா? அப்படியானால் அவரைக் கொன்றது எவனோ ஒருவன். அவள் அனுப்பிய முழுப் பதிவா? அப்படியானால் அதைக் கேட்டும் எப்படி? அதற்கு மேல் யோசிக்க அவளால் முடியவில்லை. வெட்டிய பதிவின் நூலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போன் போட்டாள். வேலை முடிந்தபிறகு, சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல். அறுபத்தொரு பேர். பதின்மூன்றாம் தேதியில் ஒருவராவது அதைப் பெற்றிருந்தால் போதும் என்று தேடினாள். இதைப்போல ஒரு வேண்டுதலை நான் கேட்டதில்லை. ஒரு பொய், தான் நினைத்ததைவிட ஒருநாள் முன்பே பரவியிருக்க வேண்டும் என்று ஒரு பெண் மன்றாடிக்கொண்டிருந்தாள். கிடைத்ததெல்லாம் பதினான்கு காலை. நூல் கடைசியில் உபயோகத்தில் இல்லாத ஓர் எண்ணில் போய் அறுந்தது.

இதற்கிடையில் அந்தக் குரல் ஓயவில்லை. நாங்கள் நடந்துபோகிற தெருவில் யார் வீட்டு ஜன்னலிலிருந்தாவது வரும். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் போனில் வரும். ஒருநாள் மதியம் அலுவலகப் படிக்கட்டில் கூட்டுகிற அம்மாளின் இடுப்பிலிருந்து வந்தது. பொதுமக்கள் கவனத்திற்கு. அறிவிப்பக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தாள். பஞ்சு வைத்தாலும் கேட்கிறது என்றாள். யாருடைய போனிலும் இல்லாதபோதும் கேட்கிறது என்றாள். எனக்குப் பயமாக இருந்தது.

இன்னொன்றும் பார்த்தேன். மேசையில் எழுதிக்கொண்டே இருப்பாள், திடீரென்று பேனா நிற்கும். உதடு இறுகும், கழுத்து நரம்பு புடைக்கும், முகம் சிவக்கும். இருபது எண்ணிவிட்டு மூச்சை விடுவாள். பிறகு எழுதுவாள். ஒருநாளில் பத்து முறை இப்படி. தான் செய்வது அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

உண்மை அண்ணனுடைய போனில்தான் இருக்கிறது. அதை அண்ணி கொடுக்கவில்லை. முதலில் சார்ஜ் இல்லை என்றார். பிறகு திறக்கத் தெரியவில்லை என்றார். தட்டிகளை எடுத்தபிறகு அறிவிப்பக்கா நேரிலேயே போய்க் கேட்டாள். "அவர் போன யாரும் தொட வேணாம்," என்று சொல்லி அனுப்பிவிட்டார். தன்னை வெறுக்கிறார் என்று இவள் நினைத்துக்கொண்டாள். நியாயம்தானே என்றும் சொன்னாள்.

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணியே கூப்பிட்டார். வந்து பார்த்துக்கோ என்றார். தனியாகப் போகத் தைரியமில்லாமல் என்னையும் அழைத்துக்கொண்டு போனாள்.

கடை முன்னால், வீடு பின்னால். ட்யூப் முக்குகிற தொட்டி காய்ந்து அடியில் மண் படிந்திருந்தது. அண்ணி எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு துண்டில் சுற்றிய போனைக் கொண்டுவந்து வைத்தார். அறிவிப்பக்கா அதை என் பக்கம் தள்ளினாள். "நீங்க பாருங்க ஆபரேட்டர்," என்றாள்.

போனைத் திறந்ததும் நான் பார்த்தது, சார்ஜ் நிறைய இருந்தது. நான்கு மாதமும் யாரோ அதற்குச் சார்ஜ் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கடவுச்சொல்லும் இல்லை. வெட்டிய பதிவு எங்காவது இருக்கிறதா என்று ஒவ்வொரு குழுவாகத் தேடினேன். இல்லை. வீட்டுக் குழுவுக்குப் போனேன். பன்னிரண்டாம் தேதி மாலை, அறிவிப்பக்கா அனுப்பியது, முழுப் பதிவு, ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடி. கேட்டுக்கொண்டிருக்கும்போது நகர்ந்துபோகிற அந்தச் சின்னப் புள்ளி, முப்பத்து மூன்றாவது நொடியில் நின்றிருந்தது.

முப்பத்தொன்றில் செய்தி முடிகிறது. முப்பத்து நான்கில் மறுப்பு தொடங்குகிறது. நடுவில் அவர் கேட்டது மௌனம். நான் சொல்லிக்கொடுத்த மௌனம்.

"வெட்டினதுதாம்மா இருக்கு," என்றேன்.

எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பொய்களைப் பிடிக்கிற அறையில் ஆறு மாதம் உட்கார்ந்திருந்துவிட்டு, வாய் கூசாமல் சொன்னேன். அவளைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று வெகுநாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தது என்னைத்தான்.

அவள் கையை நீட்டினாள். "காட்டுங்க."

கொடுக்காமல் இருக்க முடியவில்லை. பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். உதடு இறுகியது. எண்ணுகிறாள் என்று தெரிந்தது.

"அவர் நிறுத்தல," என்றார் அண்ணி.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகத்தை எங்கள் பக்கம் திருப்பவில்லை.

"நான்தான் நிறுத்துனேன். அவர் படுத்திருந்தாரு, போன் ஜன்னல்ல இருந்துச்சு. நீ சொல்லி முடிச்ச, சத்தம் நின்னுச்சு. பேசி முடிச்சிட்டன்னு நெனச்சேன். அவரு அப்பவே மூச்ச இழுத்துட்டாரு, எண்ணு எண்ணுன்னு கையக் காட்டுறாரு. கடியாரத்தப் பாத்து எண்ணணுமேன்னு போன அமுக்குனேன். அன்னைக்கு விளையாட்டா பாத்தோம். பதிமூணாந்தேதி காலையிலேர்ந்து தெனமும் நான்தாம்மா எண்ணுனேன். முப்பது வரைக்கும் எண்ணிட்டு, பரவால்லயேன்னு கை தட்டுனேன்."

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவர் போனப்புறம் ஒருநாள் உன் குரலக் கேக்கணும்போல இருந்துச்சு. என் போன்ல போட்டேன். மிச்சமும் வந்துச்சு. அவர் போன்ல நான் தொடல. அது நின்ன எடத்துலயே இருக்கட்டும்னு சார்ஜ் மட்டும் போட்டேன். உன்கிட்ட எப்படிக் காட்டுவேன்? வெட்டுனவன் எவனோன்னு நீ தேடிக்கிட்டு இருந்த. நான்தான் அதுன்னு எப்படிச் சொல்லுவேன்?"

அறிவிப்பக்கா எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இல்ல அண்ணி. நான்தான் நிறுத்துனேன். நிறுத்தாம சொல்லியிருந்தா நீங்க கேட்டிருப்பீங்க."

"நான் ஒரு நிமிஷம் பொறுத்திருக்கணும்."

"என் பேச்சு முடிஞ்ச மாதிரி இருந்துச்சு அண்ணி. யாருக்கா இருந்தாலும் அப்படித்தான் இருக்கும்."

"அவரு எண்ணுன்னதும் எண்ணிட்டேனேம்மா."

இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தை வைத்துக்கொண்டு, பழியை என்னுடையது என்னுடையது என்று இழுத்துக்கொண்டு அழுதார்கள். மூன்றாவது ஆளாக நான் அந்த அறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நிறுத்தச் சொன்னது நான். எண்ணச் சொன்னது நான். எதிரொலி இல்லாத அறையில் அது வேண்டாம் என்று சொல்லாமல் விட்டதும் நான். எழுந்து அதை ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் அந்த இரண்டு பெண்களுக்கும் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும். எனக்கு நாக்கு எழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன், ஆறுதல் சொல்ல வந்த பெரிய மனிதன் மாதிரி. அண்ணி எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. அடுத்த நாள் வந்தாள், வேலை பார்த்தாள். காதில் பஞ்சு இல்லை. மூச்சை அடக்குவது மட்டும் தொடர்ந்தது.

அடுத்த வருடம் பேருந்துகள் ஓடின. எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். கண்ணாடி அறையைத் துடைத்து, குழாய்களைச் சரிபார்த்து, மைக்கை வைத்தேன். அவள் தலையணையைப் போட்டு உட்கார்ந்தாள். முதல் வண்டியைப் பார்த்துவிட்டுப் பேசினாள். நிற்கவே இல்லை. வண்டி எண், ஊர், நடைமேடை, நேரம் எல்லாம் இடைவெளி இல்லாமல் ஒரே ஓட்டமாக வந்தது. தகரக் கூரையும் பின்சுவரும் சும்மா இருக்குமா? எல்லாம் கலந்து கூழாகக் கீழே கொட்டியது.

முதல் நாள் பதற்றம் என்று நினைத்தேன். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. ஜனங்கள் வண்டியைத் தவறவிட்டார்கள். புகார் மேல் புகார். நடத்துநர்கள் படிக்கட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தி ஆள் ஏற்றினார்கள். மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "அந்தம்மா முன்னெல்லாம் நிறுத்தித்தான சொல்லுவாங்க? போய்ச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க," என்றார்.

மாடி ஏறினேன். கதவருகே நின்றேன். அவள் கீழே ஒரு வண்டியின் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேலாளர் அனுப்புனாரு," என்றேன்.

"தெரியும்."

"ஜனங்களுக்குப் புரியலயாம். ஒரு சொல் மேல இன்னொரு சொல் ஏறுது."

"எனக்கும் கேக்குது."

"அப்ப ஊர்ப் பேரு சொல்லிட்டு, ஒரு மூணு..."

திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன்.

"அத வேற யாராவது வந்து சொல்லட்டும் ஆபரேட்டர். நீங்க சொல்லாதீங்க," என்றாள்.

தெரிந்திருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையே, அண்ணியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, நான் சொல்வேனா என்று காத்திருந்திருக்கிறாள். அதற்குப் பிறகும் ஒரு வருடம் காத்திருந்திருக்கிறாள்.

சரிம்மா என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? சொல்ல வேண்டியதற்கான நேரம் போய்விட்டது. பாதிப் படி இறங்கும்போது அவள் அடுத்த வண்டியை அறிவித்தாள். ஒலிபெருக்கிகளை என் கையால் மாட்டிய எனக்கே எந்த ஊர் என்று விளங்கவில்லை. கீழே நடைமேடைகளில் ஜனங்கள் மூட்டைகளோடு ஓடாமல் மாடியை அண்ணாந்து பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்கள்.